அடுப்படிக்கு வந்த பீடிகள்

மாமா,

இன்று காலை கேஸ் அடுப்பு லைட்டர் மக்கர் செய்துவிட்டது. தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், டிக் டிக் என்று சத்தம்தான் வந்ததே தவிர பொறி வரவில்லை. தை மாதத்துப் பனியில் வெள்ளிமலைப் பக்கத்தில் எதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது? அலமாரி மேல்தட்டில் துழாவி ஒரு தீப்பெட்டியைக் கண்டுபிடித்தேன். அதுவும் நமுத்துப்போயிருந்தது. முதல் குச்சி ஒடிந்தது. அடுத்த குச்சியின் மருந்து உதிர்ந்து கையில் விழுந்தது. அதற்கடுத்தது சர்ரென்று பற்றியபோது அந்த மருந்து வாசம் மூக்கில் ஏறியது. ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்று பொன்னி கேட்டாள். உங்கள் பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள்.

"தாத்தா வந்துட்டுப் போனாரு" என்றேன்.

"குச்சிகிட்ட சண்ட போட்டாரா?"

அவளுக்கும் தெரியும். வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? ஆளுயர மண்வெட்டியை விளையாட்டுச் சாமான் மாதிரி சுழற்றிய மனிதர், மலைச்சரிவில் ஒற்றை ஆளாக ஏர் பிடித்தவர், ஒரு தீக்குச்சியிடம் தோற்று நிற்பார். "ஏ குச்சி, உனுக்கும் எனுக்கும் இன்னா பகை?" என்று அதனிடமே நியாயம் கேட்பார். அந்தக் கேள்வி இன்றைக்கும் இந்த வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. மிக்ஸி ஓடாவிட்டாலும், செல்போனில் சிக்னல் கிடைக்காவிட்டாலும் நாங்கள் அதையே கேட்கிறோம்.

இன்றைக்கு உங்களுக்கு வருஷப் படையல். சாமைச்சோறு உலையில் இருக்கிறது, நாட்டுக்கோழி வாணலியில் கொதிக்கிறது. உங்களுக்குப் பிடித்த பீடிக்கட்டை உங்கள் மகன் நேற்றே வாங்கி வந்துவிட்டார். மற்றவர்கள் குளித்து வருவதற்குள் உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். நேரில் இருந்தபோது நான் பேசியது கொஞ்சமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனாலும் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நான் கல்யாணமாகி வந்தபோது நம் வீட்டில் தீப்பெட்டியே கிடையாது. எனக்கு அது பெரிய ஆச்சரியம். பிறந்த வீட்டில் சாமி மாடத்தில் ஒன்று, அடுப்பு மேட்டில் ஒன்று என்று இருக்கும். இங்கே அடுப்பு அணைவதே இல்லை. வேலை முடிந்ததும் கனன்றுகொண்டிருக்கும் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்துவிட்டால் மறுநாள் காலை கிளறி ஊதினால் போதும். அத்தை இருந்த காலத்திலிருந்து அப்படித்தான் என்றார் உங்கள் மகன். அத்தையை நான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன, பிறகு பங்காளி வீட்டுப் பெண்கள் காத்துவந்த அடுப்பு எனக்கு வந்தது. அடுப்போடு சேர்ந்து இன்னொரு வேலையும் வந்தது.

வந்த மறுநாளே அடுப்படி வாசலில் ஒரு கை நீண்டது. கையில் ஒரு பீடி. "ஏம்மா, நெருப்பு" என்றீர்கள். நான் ஒரு கங்கை இடுக்கியில் எடுத்து நீட்டினேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "பத்த வெச்சிக் குடும்மா. உங்கத்த அப்பிடித்தான் குடுப்பா."

நம் ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆண்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள், நெருப்பு உள்ளே இருக்கும். பீடி உள்ளே வரும், பற்றவைத்த பீடி வெளியே போகும். கங்கில் நுனியை வைத்தால் மட்டும் பீடி பற்றாது. வாயில் வைத்து நன்றாக இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் இலை கருகும், அடுத்த இழுப்பில்தான் உள்ளே தூள் பிடிக்கும். சரியாக இழுக்காமல் கொடுத்தால் வாசலைத் தாண்டுவதற்குள் அணைந்துவிடும், மறுபடி உள்ளே வரும். முதல் நாள் நான் இருமிய இருமலில் கோழிகள் கூட்டைவிட்டு ஓடின. பொங்கல் வருவதற்குள் கைதேர்ந்துவிட்டேன். ஒரு கையால் சோற்றைக் கிளறிக்கொண்டே இன்னொரு கையால் பற்றவைத்து, தலையைத் திருப்பாமலேயே வெளியே நீட்டுவேன். "எம் மருமவ பத்த வெச்சா பீடி அணையாது" என்று நீங்கள் பங்காளிகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மாமா. வெள்ளிமலை பள்ளிக்கூட விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்ததற்குக் கிடைக்காத பெருமை அதற்குக் கிடைத்தது.

உங்களுக்கு, உங்கள் மகனுக்கு, வருகிறவர் போகிறவர்க்கு என்று நாளெல்லாம் பற்றவைத்தேன். ஆனால் என்னைப் பார்த்து யாரும் பீடி குடிப்பவள் என்று சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. பீடி குடிப்பது வேறு, பற்றவைத்துக் கொடுப்பது வேறு. ஒன்று பழக்கம், மற்றது வீட்டு வேலை. தண்ணீர் மொண்டு கொடுக்கிற மாதிரி.

அதனால்தான் மூத்தவன் முருகன் வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்ட கேள்விக்கு நான் கூசாமல் பதில் சொன்னேன்.

"பீடி, சுருட்டு, பொகையில எதுனா பழக்கம் உண்டா?"

"ஐயே, அதெல்லாம் இல்லக்கா."

பக்கத்தில் நின்ற உங்கள் மகன், அப்படிக் கேட்டதே தப்பு என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். நான் சொன்னது பொய் இல்லை. சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.

முருகன் நாள் நிறைவதற்கு முன்பே வந்துவிட்டான். அவனை முதலில் பார்த்தபோது துணிதான் கண்ணில் பட்டது, பிள்ளை படவில்லை. அழுகை என்று ஒன்று வந்தது, பூனைக்குட்டி முனகுவதுபோல. எடை ரொம்பக் கம்மி, மூச்சும் சரியில்லை, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஜீப்பில் மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் டிரைவர் தோளைத் தட்டித் தட்டி "மெதுவா, மெதுவா" என்றீர்கள். அடுத்த நொடியே "சீக்கிரம் போப்பா" என்றீர்கள். அந்த ஆள் பாவம், எதைக் கேட்பான்? கள்ளக்குறிச்சியில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மூக்கில் குழாய். நீங்கள் அறைக்கு வெளியே இருந்த நடையிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டீர்கள். வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வாருங்கள் என்று உங்கள் மகன் சொன்னபோதுகூடப் போகவில்லை. "நெருப்பு யாராண்ட கேக்கறது?" என்று மட்டும் கேட்டீர்கள். அன்றைக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் தோன்றவில்லை.

பிள்ளை பிழைத்தான். வீட்டுக்கும் வந்தான். ஆனால் பனிக்காலம் வந்தால் மூச்சிழுப்பு வந்துவிடும். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் அவனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இன்னொரு கையில் பீடி வைத்திருப்பீர்கள். ஊரார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள் என்றார் ஒருவர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று நீங்கள் முடிவு கட்டி, களியை உருட்டி உருட்டி என் தட்டில் வைத்தீர்கள்.

மறுபடி நாள் தள்ளிப்போனபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. இதுவும் அப்படியே பிறந்தால்? முருகன் தப்பித்த மாதிரி இது தப்பிக்காவிட்டால்? ராகி அரைக்கும்போதும் விறகு பொறுக்கும்போதும் அந்த ஒரே நினைப்பு. உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் போல. மாரியம்மன் கோவிலுக்குச் சேவல் நேர்ந்துகொண்டீர்கள்.

முதல் பிரசவம் அப்படி ஆனதால் நர்சம்மா இந்தத் தடவை வீட்டுக்கே வந்துவிட்டார். எலவனாசூர்கோட்டைக்காரர். சமவெளி ஆள். மேடேறி வந்ததில் மூச்சு வாங்கியது. "இன்னா ஊருங்கடி இது, வூட்டுக்கு வூடு ஒரு மலை!" என்று சொல்லிக்கொண்டே அடுப்படி வாசலில் பொத்தென்று உட்கார்ந்தார். என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு தூரம் தண்ணீர் தூக்குகிறாய், கால் வீங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார். நானும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் தலைக்கு மேலாக உங்கள் கை நீண்டது.

"ஏம்மா, நெருப்பு."

வாங்கினேன். கங்கில் வைத்தேன். இழுத்தேன். புகையை ஓரமாக ஊதிவிட்டு நீட்டினேன். "தண்ணி கெணத்தாண்டதான்க்கா, ரொம்ப தூரம் இல்ல" என்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். நர்சம்மா அந்தப் பீடி போன திசையையே பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"இப்போ இன்னா பண்ண நீ?"

"இன்னா பண்ணேன்? பீடி பத்த வெச்சிக் குடுத்தேன்."

"பீடி பழக்கம் இல்லன்ன?"

"நான் எங்கக்கா குடிச்சேன்? அது மாமாவுக்கு."

"ஒரு நாளிக்கு எத்தினி பீடி இப்பிடிப் பத்த வெக்கிற?"

அதையெல்லாம் யார் எண்ணினார்கள்? காலையில் காபியோடு, ஏர் பூட்டப் போகும்போது, வந்தபிறகு, சாப்பிட்ட கையோடு, யாராவது வந்தால், யாரும் வராவிட்டால் சும்மா என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முருகன் வயிற்றில் இருந்தபோதும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேள்வியையே நான் தப்பாக் கேட்டுட்டேன்டி. பீடி குடிப்பியான்னு கேட்டேன், யாரு பத்த வெப்பாங்கன்னு கேக்கல."

பிறகு மெதுவாகச் சொன்னார். "வயித்துல இருக்கிற கொழந்த மூக்கால மூச்சு வுடாது. உன் ரத்தம்தான் அதுக்கு மூச்சு. நீ இழுக்கிற பொகை உன் ரத்தத்துல ஏறினா, அதுக்குப் போற காத்து கம்மியாவும். காத்து கம்மியானா வளர்ச்சி கம்மி. நாளுக்கு முந்தியே பொறக்கலாம். சின்னதாப் பொறக்கும். நெஞ்சு வலுவா இருக்காது. பொறந்தப்புறம் சுத்தி இருக்கிறவங்க வுடற பொகையும் அதுக்கு ஆவாது. தூக்கத்துலயே மூச்சு நின்னு போற கொழந்தைங்களும் உண்டு."

"ரெண்டு இழுப்புதானேக்கா?"

"நாளெல்லாம் ரெண்டு ரெண்டு இழுப்பு. கூட்டிப் பாரு."

நான் கூட்டிப் பார்க்கவில்லை. என் கை தானாக வயிற்றுக்குப் போனது. வெளியே பார்த்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள் என்பது உங்கள் முதுகிலிருந்தே தெரிந்தது. கையிலிருந்த பீடி சாம்பலாகி நீண்டிருந்தது. நீங்கள் அதைத் தட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

உங்கள் மகன் வந்ததும் வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. "பத்த வெக்கிறதெல்லாம் குடிக்கிறதா? ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் பத்த வெக்கிறாங்க. எல்லாருக்கும் புள்ள பொறக்கல?" என்று எகிறினார். முருகன் இழுத்து இழுத்து இருமிக்கொண்டிருந்தான். நீங்கள் அவனைக் காட்டி, "பொறந்துச்சி. இப்பிடி" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு உங்கள் மகன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படி வாசலுக்குக் கை வரவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. எட்டிப் பார்த்தால் பற்றவைக்காத பீடியை வாயில் வைத்துக்கொண்டு பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் வெள்ளிமலைக்கு நடந்துபோய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தீர்கள். கடைக்காரர் கிண்டல் செய்தாராம், மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளா என்று. "இல்ல, எனுக்கு இப்பதான் கை மொளச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தீர்களாம். இதை அந்தக் கடைக்காரரே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கை முளைத்ததே தவிர குச்சி பற்றவில்லை. வாலிபத்திலிருந்து உங்களுக்கு அத்தை பற்றவைத்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு உங்கள் அம்மா உங்கள் அப்பாவுக்குப் பற்றவைத்த கங்கிலேயே உங்களதும் பற்றியிருக்கும். தீக்குச்சியை எந்தப் பக்கம் சாய்த்து உரசுவது என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அழுத்தினால் ஒடிந்தது. மெதுவாக உரசினால் பொறி வரவில்லை. பொறி வந்தால் மலைக்காற்று விடவில்லை. அப்போதுதான் குச்சிக்கும் உங்களுக்கும் பகை ஆரம்பித்தது. நான் அடுப்படிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கங்கைப் பானை ஓட்டில் எடுத்து வந்து தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். இன்னிக்கு ஓட்டுல தருவ, நாளிக்கு வாயில வெப்ப. எனுக்கு என்னைத் தெரியும்" என்றீர்கள்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த கதை. வெளியாள் வந்தபோதுதான் நிஜமான சோதனை வந்தது. உங்கள் சித்தப்பா மகன், சின்ன மாமா, ஒரு நாள் வந்தார். வழக்கப்படி பேச்சு வாக்கில் என் பக்கமாகப் பீடியை நீட்டினார். வந்தவருக்குப் பற்றவைத்துக் கொடுக்காமல் இருப்பது தண்ணீர் கொடுக்காமல் இருப்பதற்குச் சமம் என்று எனக்குத் தெரியும். கை முன்னால் போய்விட்டது. நீங்கள் இடையில் புகுந்து அந்தப் பீடியைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

"நான் பத்த வெக்கிறேன் இரு."

"இன்னாண்ணே, மருமவளுக்குக் கை வலிக்குதா?"

"கை வலிக்கல. வயித்துல புள்ள கீது."

"எங்க வூட்டுலயும்தான் புள்ள பெத்தாங்க. இதென்ன புதுசா? வந்தவனுக்கு நெருப்பு இல்லாத வூடா இது?"

நீங்கள் குச்சியை உரசினீர்கள். ஒடிந்தது. இன்னொன்று. அதுவும் ஒடிந்தது. சின்ன மாமா முகம் சிவந்து எழுந்துவிட்டார். நீங்கள் அவரைக் கெஞ்சவில்லை. "போறதுன்னா போ. புள்ள பொறந்ததும் வா. அப்பவும் நானேதான் பத்த வெப்பேன்" என்றீர்கள். அவர் போய்விட்டார். ஊரில் பேச்சானது. மருமகள் பேச்சைக் கேட்டுப் பங்காளியை விரட்டியவர் என்று உங்களைச் சொன்னார்கள். நீங்கள் மதிக்கிற பேச்சு அந்த ஊர்ப்பேச்சு ஒன்றுதான். அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஏர் ஓட்டப் போனீர்கள், வந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறைபட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து தள்ளி உட்கார்ந்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"உங்கத்தைக்கு ரெண்டு தங்கல. தெரியுமில்ல? உம் புருசனுக்கு முந்தி."

தெரியும் என்றேன்.

"ரெண்டும் கையளவுதான் இருந்திச்சி. அவளும் எனுக்குப் பத்த வெச்சிக் குடுத்தவதான்."

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், அடுத்த தடவை நர்சம்மா வந்தால் கேட்டுச் சொல் என்றீர்கள். கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே உங்களிடம் வந்து சொன்னேன். "அதாலதான்னு சொல்ல முடியாது. அதால இல்லன்னும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல சாப்பாடு கம்மி, வேலை ஜாஸ்தி, ஆஸ்பத்திரியும் கெடையாது. யாரால உறுதியா சொல்ல முடியும்?"

உங்களை ஆறுதல்படுத்தத்தான் அந்தப் பதில் என்று நான் நினைத்தேன். நீங்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பலாமரத்தைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்குத் தெரியாது, எனுக்கும் தெரியாது. அது அப்ப. இனிமே எனுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாதில்ல?" என்றீர்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள் நீங்கள் பீடி குடிக்கவே இல்லை. மழையானாலும் பலாமரத்தடிதான். தலையில் கோணிக் கொங்காடையைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் குச்சியை ஒளித்துக்கொண்டு, நனைந்து நனைந்து பற்றவைப்பீர்கள். பாதி நாள் குச்சிதான் ஜெயிக்கும், நீங்கள் வெறும் வாயோடு வருவீர்கள். அதனாலேயே பீடி பாதியாகக் குறைந்தது. உங்கள் மகனும் எத்தனை நாள்தான் தனியாக உள்ளே உட்கார்ந்து புகைவிடுவார்? முனகிக்கொண்டே அவரும் பலாமரத்துக்குக் குடிபெயர்ந்தார்.

பொன்னி நாள் நிறைந்து பிறந்தாள். வலி எடுத்ததும் ஜீப் வைத்து முன்னாடியே போய்விட்டோம். அவள் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டதாம். நீங்கள் வெளியே இருந்து, "இன்னா இது, கழுத மாரி கத்துது!" என்று சந்தோஷத்தில் கத்தினீர்களாம். எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம்தான் கம்மி என்றார் நர்சம்மா. கிலோவெல்லாம் உங்களுக்குப் பிடிபடவில்லை. "முருகன் பொறந்தப்ப இருந்ததுக்கு இது எப்பிடி?" என்று கேட்டீர்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். வியர்வையாம். அந்தக் குளிரில்!

பிள்ளையை உடனே தூக்கவில்லை நீங்கள். துணியில் ஒட்டியிருக்கிற புகையும் பிள்ளைக்கு ஆகாது என்று நர்சம்மா எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டீர்கள். குழாயடியில் கை கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையைக் கழற்றி, துவைத்த வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு வந்தீர்கள். வந்தும் தூக்கவில்லை. கையை என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். "மோந்து பாரும்மா. வாட வருதா?"

மாமா, மருமகளிடம் எந்த மாமனார் இப்படிக் கேட்பார்? வாசனை கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "கொஞ்சூண்டு வருதுங்க" என்றேன். நீங்கள் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தீர்கள். பிறகுதான் பொன்னியைக் கையில் வாங்கினீர்கள். அவள் மூச்சு விடுவதைக் காது கொடுத்துக் கேட்டீர்கள். "இழுப்பு இல்ல" என்றீர்கள். "சுத்தமா இல்ல."

சின்ன மாமா பேர் வைக்கும் அன்று வந்துவிட்டார். பிள்ளையை மடியில் வாங்கிக் கனம் பார்த்தார். உங்களுக்கு முன்னால் எழுந்து பலாமரத்தடிக்குப் போனார். நீங்கள் சொன்ன சொல் தவறாமல் அவருக்குப் பற்றவைத்துக் கொடுத்தீர்கள். பாதிப் பெட்டி காலியானது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

நீங்கள் பீடியை முழுசாக விட்டீர்கள் என்று சொன்னால் பலாமரமே சிரிக்கும். கடைசிவரை ஒன்றிரண்டு இருந்தது. அந்த இருமலும் கடைசிவரை கூடவே இருந்தது, உங்களைக் கொண்டுபோனதும் அதுதான். அதைப் பற்றி நான் உங்களோடு போட்ட சண்டைகளை இப்போது எடுக்க வேண்டாம். முருகன் கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். பனிக்காலத்தில் மட்டும் ஊருக்கு வரத் தயங்குவான், உங்கள் படையல் என்றால் வந்துவிடுவான். மற்றபடி நன்றாக இருக்கிறான். பீடியைக் கண்டால் நாலு கடை தள்ளி நிற்பான்.

சொல்லாமல் விட்டது இதுதான். நான் அன்றைக்குப் பயந்துகொண்டிருந்தேன் என்று சொன்னேன் இல்லையா? பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்று ஒரு பயம். நர்சம்மா போனபிறகு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. நாளைக்கு அந்தக் கை மறுபடி நீண்டால் நான் என்ன செய்வேன்? முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. இவ்வளவு பேசுகிற வாய்தான், ஆனாலும் வந்திருக்காது. பற்றவைத்துக் கொடுத்திருப்பேன், மாமா. என் வயிற்றுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பற்றவைத்துக் கொடுத்திருப்பேன். அந்த இடத்துக்கு என்னை நீங்கள் கொண்டுபோகவே இல்லை. நீங்கள் கேட்கவில்லை. அவ்வளவு சின்ன விஷயம்தான். அதற்கு நான் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை.

நர்சம்மா கேட்கத் தவறிய அந்தக் கேள்வியை மட்டும் நான் விடவில்லை. பஸ்ஸிலோ சந்தையிலோ மாசமாக இருக்கிற பெண்ணைப் பார்த்தால், எத்தனை மாதம் என்று கேட்ட கையோடு அதையும் கேட்டுவிடுவேன். "உங்க வூட்டுல பீடி யாரு பத்த வெக்கிறது?" சில பெண்கள் சிரிப்பார்கள். சிலர் சட்டென்று தலை குனிவார்கள். தலை குனிகிறவர்கள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து உங்கள் கதையைச் சொல்லிவிடுவேன். குச்சி ஒடிகிற இடத்தில் அவர்களும் சிரிப்பார்கள். வீட்டில் போய் அப்படியே சொல் என்பேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே படையலுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டு இப்போதுதான் வந்தேன். இலையில் எல்லாம் வைத்தாயிற்று. சின்ன மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். பழைய ஞாபகமோ என்னவோ, கட்டிலிருந்து ஒரு பீடியை உருவிப் பொன்னியிடம் நீட்டினார். "பத்த வெச்சி எலையில வையிம்மா. அணைஞ்ச பீடிய அண்ணன் எப்பிடிக் குடிப்பாரு?" அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சின்ன மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பொக்கை வாயால் சிரித்தார். "ஒரு பொட்டி அவருக்குப் பத்துமா?"

பத்தாதுதான். முருகனுக்குப் போன் போட்டு, வரும்போது இன்னும் நாலு பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். குச்சி நமுத்திருக்கிறது, கோபப்படாமல் உரசுங்கள். ஒடிந்தால் ஒடியட்டும். இந்தப் பக்கம் மட்டும் கை நீட்டாதீர்கள், மாமா. அடுப்படியில் பொன்னி இருக்கிறாள்.